காகிதத்தில் இல்லாத காப்டன்

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, தாங்கள் உயிரோடு இருப்பதாக அத்தாட்சி கொடுக்க வேண்டும். எதிரே வந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதாது, காகிதம் வேண்டும். எனக்கு உறவினர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர். ஒரு வருஷம் அவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவர் பெயருக்கு நேரே ஏதோ ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. குமாஸ்தா நல்ல மனிதர்தான். மிகவும் வருத்தப்பட்டுக்கொண்டே, "நீங்க இருக்கிறது எனக்குத் தெரியுது ஸார், ரிஜிஸ்தர்லே இல்லையே!" என்றார். உறவினர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ராபர்ட் ஸ்மால்ஸின் ஞாபகமாகவே இருந்தது.

ராபர்ட் ஸ்மால்ஸ் நம்மவர் அல்ல. அமெரிக்காவில் தெற்குக் கரோலினா ராஜ்யத்தில், பியூபோர்ட் என்ற சின்னக் கடற்கரை ஊரில், 1839ஆம் வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்த ஒரு கறுப்பு அடிமைப் பிள்ளை. மக்கீ என்ற குடும்பத்தாரின் பெரிய வீடு பிரின்ஸ் தெருவில் இருந்தது. அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு குடிசை. அதில்தான் அவன் தாய் லிடியா அவனைப் பெற்றாள். தகப்பன் யார் என்பதைப் பற்றி ஊரில் பல பேச்சு உண்டு. எந்தத் தாளிலும் அது எழுதப்படவில்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அந்த ஊர்ச் சட்டம். ஆகவே அவன் பெயர் பதிவானால், மாடு, வண்டி, மேஜை, நாற்காலிகளோடு எஜமானின் சொத்துக் கணக்கில்தான் பதிவாகும்.

எஜமானுக்குப் பையனிடம் பிரியம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தான். தாய்க்கு இது சந்தோஷத்தைத் தரவில்லை, பயத்தைத் தந்தது. செல்லமாக வளர்கிறவனுக்குத் தான் யார் என்பது மறந்துபோய்விட்டால்? அடிமைகளைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடிக்கிற இடத்தை அவன் பார்க்கும்படி செய்தாளாம். பெற்ற பிள்ளைக்கு ஒரு தாய் கற்பிக்க வேண்டிய முதல் பாடம் இது என்றால், அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். எழுத்துப் பாடம் கற்பிக்க வழியில்லை. அடிமைக்குப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது குற்றம் என்று 1834லேயே அந்த ராஜ்யத்தில் சட்டம் போட்டாகிவிட்டது.

பன்னிரண்டு வயதில் அவனைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஓட்டலில் எடுபிடி, தெருவிளக்கு ஏற்றுவது, துறைமுகத்தில் மூட்டை இறக்குவது, பாய் தைப்பது எல்லாம் செய்தான். கூலி எஜமானுக்குப் போகும். அவனுக்கு வாரம் ஒரு டாலர். பதினேழு வயதில், ஓட்டலில் வேலை செய்த ஹன்னா என்ற அடிமைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். 1858ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தன் மனைவியும் குழந்தையும் எந்த நிமிஷமும் வேறு ஊருக்கு விலையாகிப் போகலாம் என்ற பயம் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர்களைத் தானே வாங்கிவிடலாம் என்று அவர்களுடைய எஜமானிடம் போய் விலை கேட்டான். 800 டாலர் என்றார். அவன் கையில் இருந்தது 100 டாலர்.

இதற்குள் கடல் அவனுக்கு வசப்பட்டுவிட்டது. சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் மணல்மேடுகள், நீரோட்டங்கள், ஆழங்கள் எல்லாம் மனப்பாடம். கப்பலை வழிகாட்டி ஓட்டுகிறவனை இங்கிலீஷில் பைலட் என்பார்கள். நம் பழைய நூல்களில் மீகாமன். ஆனால் கறுப்பனை அப்படிச் சொல்லக் கூடாதாம். பைலட் செய்கிற வேலையைச் செய்யலாம், பைலட் என்ற பெயர் மட்டும் கிடையாது. ‘சக்கரம் பிடிப்பவன்’, அவ்வளவுதான். அவனுடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வந்த வழக்கு இங்கேதான் ஆரம்பமாகிறது.

1861 ஏப்ரலில் யுத்தம் மூண்டது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தெற்கு ராஜ்யங்கள் பிரிந்து தனிச் சர்க்கார் அமைத்துக்கொண்டன. சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் இருக்கும் சம்ட்டர் கோட்டையின்மேல் அவர்கள் குண்டு போட்டதுதான் முதல் வெடி. பதிலுக்கு வடக்கு சர்க்காரின் கப்பற்படை வந்து துறைமுகத்தை வெளியிலிருந்து முற்றுகையிட்டது. பருத்தி ஏற்றிக்கொண்டிருந்த ‘பிளான்ட்டர்’ என்ற நீராவிக் கப்பல் தெற்குப் படையின் சேவைக்கு வந்தது. பிளான்ட்டர் என்றால் தோட்ட முதலாளி என்று அர்த்தம். அந்தக் கப்பலில்தான் ராபர்ட் சக்கரம் பிடித்தான்.

1862 மே 12ஆம் தேதி, கோல்ஸ் தீவிலிருந்து நாலு பீரங்கிகளைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். மறுநாள் வேறொரு கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கப்பலுக்குச் சொந்தமான இரண்டு பீரங்கிகளும், 200 சுற்று வெடிமருந்தும் ஏற்கெனவே கப்பலில் இருந்தன. அன்று இரவு காப்டனும் மற்ற இரண்டு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். அது விதிக்கு விரோதம். ஆனால் கப்பலில் அடிமைகள்தானே இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்துவிட முடியும்?

விடியற்காலை மூன்று மணி சுமாருக்குக் கொதிகலனில் நெருப்பு மூட்டினார்கள். தெற்குப் படைத் தளபதியின் அலுவலகத்துக்கு எதிரேதான் கப்பல் நின்றது, காவல்காரனும் இருந்தான். கப்பல் புறப்படுவதை அவன் பார்த்தான். வழக்கம்போலப் புறப்படுகிறது என்று நினைத்தான். கப்பல் முதலில் வெளியே போகவில்லை. இன்னொரு துறைக்கு மெதுவாகப் போய், ஒளிந்திருந்த பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. மொத்தம் பதினாறு பேர். பிடிபட்டால் என்ன செய்வது என்று அவர்கள் முன்பே பேசி முடிவு செய்திருந்தார்கள். கப்பலை மூழ்கடித்துவிடுவது, அது சீக்கிரம் மூழ்காவிட்டால் எல்லாரும் கைகோத்துக்கொண்டு கடலில் குதித்துவிடுவது. குழந்தைகளும் சேர்த்தித்தான்.

வழியில் ஐந்து காவல் இடங்கள். ராபர்ட் காப்டனுடைய அகலமான வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். காப்டன் நிற்கிற தோரணையில் நின்றான். ஒவ்வோர் இடத்திலும் ஊத வேண்டிய முறைப்படி சங்கை ஊதினான். நாலு மணிக்கு மேல் சம்ட்டர் கோட்டை வந்தது. எல்லாவற்றிலும் பெரிய பீரங்கிகள் அங்கேதான். வேகமாகப் போனால் சந்தேகம். மெதுவாகப் போனால் விடிந்துவிடும். வழக்கமான வேகத்திலேயே போனான். சங்கு ஊதினான். கோட்டையிலிருந்து, போகலாம் என்று பதில் வந்தது. இருட்டில் அந்தக் காவல்காரன் கண்டது ஒரு தொப்பியை. தொப்பிக்குள் யார் என்று அவன் பார்க்கவில்லை.

பீரங்கி எட்டாத தூரம் போனதும் தெற்குக் கொடி இறங்கிற்று. ஹன்னா கொண்டு வந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஏறிற்று. எதிரே ‘ஆன்வர்ட்’ என்ற வடக்குப் போர்க்கப்பல். எதிரியின் கப்பல் தன்மேல் மோத வருகிறதென்று நினைத்துப் பீரங்கிகளைத் திருப்பிவிட்டது. அந்த நேரத்தில் வெளிச்சம் வந்தது. யாரோ வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டார்கள். ஒரு படுக்கை விரிப்பைக் கண்ணில் பட வைப்பதற்காகச் சூரியன் அன்று சரியான வேளையில் உதித்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதுவரையில் ‘அவன்’ என்று எழுதிவந்தேன். இனி அப்படி எழுதக் கை வரவில்லை. வயது இருபத்துமூன்றுதான், இருந்தாலும் அந்த விடியலிலிருந்து ‘அவர்’தான்.

அவர் கொண்டுவந்தது கப்பலும் ஆறு பீரங்கிகளும் மட்டுமல்ல. எதிரியின் சமிக்ஞைப் புத்தகம் கப்பலில் இருந்தது. கோல்ஸ் தீவைத் தெற்குப் படை கைவிட்டுவிட்டது என்ற செய்தி அவர் தலைக்குள் இருந்தது. அந்தச் செய்தியை நம்பி வடக்குக் கப்பல்கள் ஒரு வாரத்துக்குள் ஸ்டோனோ ஆற்று முகத்தில் நுழைந்துவிட்டன. முற்றுகைக் கப்பல்களின் தலைவர் டூபான்ட், அடிமைத்தனத்திலிருந்து தப்பித் தம்மிடம் வந்தவர்களிலேயே இவரைப் போன்ற புத்திசாலியைக் கண்டதில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார்.

எதிரியின் கப்பலைப் பிடிக்கிறவர்களுக்கு அதன் மதிப்பில் பங்கு கொடுப்பது கடற்படை வழக்கம். இவர்கள் கப்பற்படைச் சிப்பாய்கள் அல்லவே! அதற்காக 1862 மே 30ஆம் தேதி தனிச் சட்டமே போட்டுப் பாதி மதிப்பைக் கொடுக்கச் சொன்னார்கள். இதுவரை சரி. பிறகு மதிப்புப் போட அதிகாரிகள் வந்தார்கள். சுமார் 9,000 டாலர் என்று எழுதினார்கள். ஸ்மால்ஸின் பங்கு 1,500. அந்த மதிப்பு நகைக்கத்தக்க அளவுக்குக் குறைவு, நியாயமாக 60,000 டாலருக்கு மேல் போட்டிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் காங்கிரஸ் கமிட்டி ஒன்றே அறிக்கை எழுதிற்று. எழுதியது எப்போது? 1883ல், இருபத்தோரு வருஷம் கழித்து.

யுத்தத்தில் அவருடைய வேலை அந்த ஒரு விடியற்காலையோடு முடியவில்லை. அந்த ஆகஸ்டு மாதமே வாஷிங்டனுக்குப் போனார். கறுப்பர்களையும் படையில் சேர்க்க வேண்டும் என்று யுத்த மந்திரி ஸ்டான்ட்டனிடம் கேட்கப் போன தூதில் அவரும் ஒருவர். அதே மாதத்தில் 5,000 பேர் வரை சேர்த்துக்கொள்ள உத்தரவு வந்தது. 1863 ஏப்ரல் 7ஆம் தேதி, இரும்புக் கவசம் பூண்ட ‘கியோகக்’ என்ற கப்பற்படைக் கப்பலுக்கு அவரே பைலட். சார்ல்ஸ்டனைத் தாக்கப் போன அந்தக் கப்பல்மேல் 90 குண்டுகளுக்கு மேல் விழுந்தன. மறுநாள் காலையில் அது மூழ்கிற்று. அதற்குள் ஆட்கள் தப்பிவிட்டார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் அவர் மறுபடி பிளான்ட்டரில் இருந்தார். கப்பல் அப்போது தரைப்படையின் கையில். ஒரு குறுகிய ஓடையில் குண்டு மழை பொழிந்தது. வெள்ளைக்காரக் காப்டன் பயந்துபோய்க் கரி அறைக்குள் ஒளிந்துகொண்டார். சரணடைந்தால் வெள்ளையருக்குச் சிறை. கறுப்பருக்கு என்ன கிடைக்கும் என்று ஸ்மால்ஸுக்குத் தெரியும். சக்கரத்தைத் தாமே பிடித்துக் கப்பலை வெளியே கொண்டுவந்து சேர்த்தார். ஒளிந்தவரை நீக்கிவிட்டு, மாதம் 150 டாலர் சம்பளத்தில் இவரையே காப்டனாக்கினார்கள். யுத்தம் முடிகிற வரையில் பிளான்ட்டரின் காப்டன் அவர்தான். எல்லாரும் காப்டன் என்றே அழைத்தார்கள்.

1864ல் கப்பலை ரிப்பேருக்காகப் பிலடெல்பியாவுக்கு ஓட்டிப் போனார். அங்கே மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. அந்த அவகாசத்தில்தான், இருபத்தைந்து வயதில், வாத்தியார் வைத்துக்கொண்டு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அதே ஊரில்தான் ஒரு நாள் டிராம் வண்டியில் உட்கார்ந்திருந்தவரை, கறுப்பர் உட்காரக் கூடாது என்று எழுந்திருக்கச் சொன்னார்கள். யுத்த வீரரை இப்படிச் செய்யலாமா என்று ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது. 1867ல் பென்ஸில்வேனியா ராஜ்யம் டிராம் வண்டிகளில் அந்தப் பாகுபாட்டைச் சட்டத்தால் ஒழித்தது.

இங்கே ஒரு வீட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். பியூபோர்ட்டை வடக்குப் படை பிடித்ததும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஓடிவிட்டன. வரி கட்டாத வீடுகள் ஏலத்துக்கு வந்தன. பரிசுப் பணத்தைக் கொண்டு பிரின்ஸ் தெரு வீட்டை ஸ்மால்ஸ் வாங்கினார். எந்த வீட்டின் கொல்லைக் குடிசையில் பிறந்தாரோ, அதே வீடு! யுத்தம் முடிந்த பிறகு, ஏலம் செல்லாது என்று முந்தைய உரிமைக்காரர் வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1878ல் ஸ்மால்ஸ் ஜெயித்தார். யுத்தத்துக்குப் பிறகு ஒரு நாள், பழைய எஜமானியம்மாள் வயதாகிப் புத்தி தடுமாறி, தன் வீடென்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாளென்றும், ஸ்மால்ஸ் அவளை வெளியே அனுப்பாமல் அவளுடைய பழைய அறையையே அவளுக்குக் கொடுத்தாரென்றும் அந்தக் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

பிற்பாடு அவர் அரசியலில் இறங்கியதை வளர்த்த வேண்டியதில்லை. 1868ல் ராஜ்யத்தின் அரசியல் சட்டம் எழுதக் கூடிய சபையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வாதாடினார். ராஜ்ய சட்டசபையில் இருந்தார். 1875க்கும் 1887க்கும் இடையில் ஐந்து தடவை வாஷிங்டன் காங்கிரஸில் அங்கத்தினர். பழைய தோட்ட முதலாளிகளின் கட்சி 1877ல் ராஜ்யத்தில் அதிகாரத்துக்கு வந்ததும், 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்று வழக்குத் தொடுத்து மூன்று வருஷத் தண்டனை விதித்தார்கள். 1879ல் கவர்னரே மன்னிப்புக் கொடுத்தார். அவருக்கு அது திருப்தியில்லை. குற்றமே செய்யாதவனுக்கு மன்னிப்பு எதற்கு?

இப்போது ரிஜிஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன். 1883ல், அவரைக் கப்பற்படையில் ஓய்வு பெற்ற காப்டனாக ஏற்று, அதற்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும் என்று காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. அதே கமிட்டிதான் கப்பலின் மதிப்பைக் குறைத்துப் போட்டதை ஒப்புக்கொண்டது. ஆனால் மசோதா நிறைவேறவில்லை. அவர் காப்டன் வேலை பார்த்தார்; சம்பளமும் வாங்கினார்; கப்பலும் இருந்தது; குண்டும் விழுந்தது. எல்லாம் சரி, நியமன உத்தரவு எங்கே? முறைப்படி கப்பற்படை உத்தியோகஸ்தராக அவரைப் பதிவு செய்யவில்லை. ஒரு சமயம் கப்பற்படைக்குக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பைலட். இன்னொரு சமயம் தரைப்படைக் கப்பலுக்கு நியமிக்கப்பட்ட காப்டன். இரண்டு இலாகாவுக்கும் உழைத்தவர், இரண்டு இலாகாவின் புத்தகத்திலும் இல்லை.

எழுத்துத் தெரியக் கூடாது என்று சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எழுத்துத் தெரியாத காலத்தில் அந்த மனிதர் கப்பலோட்டினார். கடைசியில், எழுத்து மூலமாக ஒன்றும் இல்லையே என்றார்கள். இதைச் சொன்ன குமாஸ்தாக்களில் யாரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். அவர்களும் வருத்தப்பட்டுக்கொண்டேதான் சொல்லியிருப்பார்கள்.

1889ல் பிரசிடென்ட் ஹாரிஸன் அவரைப் பியூபோர்ட் துறைமுகத்துச் சுங்கக் கலெக்டராக நியமித்தார். இந்தத் தடவை காகிதம் சரியாக இருந்தது. கட்சி மாறியபோது சில வருஷம் விலக நேர்ந்தாலும், திரும்பவும் வந்து 1913 வரை அந்த வேலையில் இருந்தார். எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய இருபது வருஷ உத்தியோகம். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நாம் சொல்வது விளையாட்டாக. அவருக்கு அது விளையாட்டல்ல. துறைமுகத்துக்கு வருகிற கப்பலின் காப்டன்கள் தங்கள் சரக்குக் கணக்கையும் கப்பல் தஸ்தாவேஜுகளையும் எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். பைலட் என்ற பெயரைக்கூடக் கொடுக்க மறுத்த கடற்கரையில், அவர் கையெழுத்து இல்லாமல் சரக்கு நகராது.

அந்த உத்தியோக காலத்தின் இடைவெளியில்தான், 1895ல், தெற்குக் கரோலினாவின் அரசியல் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். கறுப்பரின் ஓட்டைப் பறிப்பதுதான் நோக்கம். யாரும் அதை மறைக்கவில்லை. அதற்குக் கண்டுபிடித்த உபாயங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஓட்டுப் போட வருகிறவன் அரசியல் சட்டத்தை வாசித்துக் காட்ட வேண்டுமாம்! அறுபது வருஷத்துக்கு முன்னால், இவனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால் தண்டனை என்றது அதே ராஜ்யம். அந்தச் சபையில் இருந்த ஆறு கறுப்பு அங்கத்தினர்களில் ஸ்மால்ஸ் ஒருவர். எழுந்து நின்று வாதாடினார். தோற்றார். கையெழுத்துப் போட மறுத்தார். போடாவிட்டால் பிரயாணப் படி கிடைக்காது என்றார்களாம். அப்படியானால் ஊருக்கு நடந்தே போகிறேன் என்றாராம். பாடுபட்டுக் கற்றுக்கொண்ட கையெழுத்தை எங்கே போடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1897ல் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி, மாதம் 30 டாலர் பென்ஷன் கொடுத்தது. கப்பற்படைக் காப்டனுக்குரிய பென்ஷன். 1900ல், முன்பு கொடுத்ததைக் கழித்துக்கொண்டு, கப்பலைப் பிடித்ததற்காக 5,000 டாலர் என்று தீர்மானித்தது. அந்த விடியற்காலை கடந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்த ஹன்னா 1883லேயே காலமாகிவிட்டாள். பிளான்ட்டர் கப்பலும் இல்லை. யுத்தத்துக்குப் பிறகு பழையபடி பருத்தி ஏற்றப் போய், 1876ல், தரைதட்டிய இன்னொரு கப்பலை இழுத்துவிட முயன்றபோது தானே உடைந்துபோயிற்று. செய்தி கேட்டு, வீட்டு மனிதர் ஒருவரை இழந்ததுபோல் ஸ்மால்ஸ் வருந்தினாராம்.

1913ல் உட்ரோ வில்ஸன் பிரசிடென்டானார். சர்க்கார் அலுவலகங்களில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைக்க ஆரம்பித்த வருஷம் அது. ஸ்மால்ஸின் வேலையும் போயிற்று. 1915 பிப்ரவரி 23ஆம் தேதி, பிரின்ஸ் தெரு வீட்டில் காலமானார். குடிசையில் தொடங்கிய வாழ்க்கை, முற்றத்தைக் கடந்து பெரிய வீட்டுக்குள் வந்து முடிந்தது. இடையில் இருந்தது ஐம்பதடி தூரமோ நூறடி தூரமோ. அதைக் கடக்க எழுபத்தைந்து வருஷம்.

2004ல் அமெரிக்கத் தரைப்படை தன் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. கப்பற்படைக்கு இன்னும் பத்தொன்பது வருஷம் பிடித்தது. தெற்குப் படை ஜெயித்த ஒரு போரின் பெயரைத் தாங்கி ‘சான்ஸலர்ஸ்வில்’ என்று ஓடிக்கொண்டிருந்த போர்க்கப்பலுக்கு, அந்தப் பெயரை நீக்கி, 2023ல் ‘ராபர்ட் ஸ்மால்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். எந்தக் கப்பற்படையின் புத்தகத்தில் பெயர் இல்லை என்றார்களோ, அதே கப்பற்படை!

காகிதத்தைத் திட்டி இதை முடிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அவருடைய வீட்டைக் காப்பாற்றியதும் ஒரு காகிதம்தானே? அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டதும், இருபது வருஷம் சுங்கக் கணக்கு எழுதியதும் காகிதத்தின் பலம் தெரிந்துதான். காகிதம் தானாக எதையும் மறைப்பதில்லை. எழுத வேண்டிய நேரத்தில் எழுதாமல் விட்டவர்கள் யார் என்பதே கேள்வி.

என் உறவினருடைய விட்டுப்போன எழுத்தை மூன்றாம் மாதம் சேர்த்துவிட்டார்கள். பென்ஷன் வந்துவிட்டது. அவருக்குக் காத்திருக்க ஆயுசு இருந்தது.